விரல் நுனியில் தொடங்கும் பிழை

செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஒட்சிசனைத் தானே கூட்டிக் குறைக்கலாமா, பிழைத்தால் யார் பொறுப்பு என்று வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குருதியில் ஒட்சிசன் எவ்வளவு என்று காட்டும், விரலில் மாட்டிய ஒக்சிமீற்றரின் எண்ணைப் பார்த்து ஒட்சிசன் ஓட்டத்தை மாற்றும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பொறுப்பைப் பேசுமுன், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

கொவிட் நாட்களில் பாமசி பாமசியாகத் தேடிய அந்தக் கிளிப்பினுள் இரண்டு விளக்குகள்: 660 நனோமீற்றர் சிவப்பு, 940 நனோமீற்றர் அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் ஓர் ஒளி உணரி. குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் சிவப்பைப் பெரும்பாலும் போகவிடும். ஒட்சிசன் இழந்தது விழுங்கும். அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ்.

ஆனால் தோல், எலும்பு, நாளக் குருதி எல்லாமே ஒளியைக் குடிக்கின்றனவே? 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஒயாகி முன்வைத்த வழி, துடிப்பதை மட்டும் எடுப்பது. இதயம் அடிக்கும்போதெல்லாம் நாடிக் குருதி விரலில் பொங்கி, ஒளி சற்றே மங்கும். அந்தத் துடிக்கும் பங்கைத் துடிக்காத பங்கால் வகுத்தால், அசையாமல் இருக்கும் எலும்பும் தோலும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். சிவப்பின் ஈவை அகச்சிவப்பின் ஈவால் மறுபடி வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அது 1 என்றால் ஈமோகுளோபினில் ஒட்சிசன் ஏற்றியது ஏறத்தாழ 85 வீதம்; 0.5 என்றால் 97 அளவில். இரண்டே படி வகுத்தல், எவ்வளவு நேர்த்தி!

அந்த 85உம் 97உம் எங்கிருந்து வந்தன? சூத்திரத்திலிருந்து அல்ல. ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஒட்சிசன் குறைந்த காற்றைக் கொடுத்து, 70 வீதம் வரை இறக்கி, நாடிக் குருதியை எடுத்து ஒப்பிட்டு எழுதிய அட்டவணை அது. தொண்டர்களில் பெரும்பாலோர் வெளிர் தோலினர். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் வகுத்தலில் விழுந்திருக்க வேண்டும், முழுதாக விழுவதில்லை. விளக்கின் சிவப்பு ஒரே அலைநீளம் அல்ல, சற்றே பரந்தது. மெலனின் அதன் குட்டையான அலைகளைக் கூடுதலாக விழுங்குவதால், உணரியை எட்டும் சிவப்பு நீண்ட பக்கம் நகர்கிறது, விகிதம் குறைகிறது, திரையில் எண் ஏறுகிறது. ஆய்வாளர் தரும் விளக்கங்களில் இது ஒன்று.

விளைவு சிறிதல்ல. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், திரை 92 முதல் 96 காட்டியபோது உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளரின் அளவீடுகளில் 11.7 வீதம், வெள்ளையரில் 3.6 வீதம்.

இப்போது இயந்திரத்தின் இலக்கு 92–95 என்று வையுங்கள். திரையில் 96, உண்மையில் 87. இயந்திரம் ஒட்சிசனைக் குறைக்கும், சொன்னபடியே. தாதி என்றால் மூச்சு வாங்குவதைக் கண்டு சந்தேகப்படுவார். தேசிக்காய் தொங்கவிடுபவரைப் பார்த்துச் சிரிக்கும் நாமும், திரையில் இரண்டு இலக்கம் மின்னினால் கேள்வி கேட்பதில்லை.

நம் தோலுக்கு இந்தப் பிழை எவ்வளவு என்று அளக்க ரோபோ வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் எப்படியும் நாடிக் குருதி எடுக்கிறார்கள். அந்த நிமிடத்து ஒக்சிமீற்றர் எண்ணையும் பக்கத்தில் குறித்தால் போதும். செயற்கை நுண்ணறிவு மாநாடுகளுக்குச் செலவிடும் காசில் ஒரு துளி இதற்குப் போகலாம் என்பது என் கட்சி.

பொறுப்பு, வாங்கும்போதே எழுதப்பட வேண்டியது. எத்தனை பேரில், எந்தத் தோல் நிறங்களில் சோதித்தீர்கள் என்று விலைமனுக் கோரலிலேயே கேட்க வேண்டும். ஒட்சிசனைக் கூட்டுவதை இயந்திரம் தானே செய்யட்டும். குறைப்பதற்கு ஒரு மனிதக் கை அழுத்த வேண்டும்.