ஃபினிஷ்: மெருகா, பூச்சா?

கிதார் வைத்திருப்பவர்கள் "ஃபினிஷ் போயிடுச்சு" என்று புலம்புவார்கள். என்ன போயிற்று என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லே அப்படி.

எல்லை, முடிவு என்று பொருள்படும் லத்தீன் 'ஃபீனிஸ்', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஃபினிஷ்' ஆனது. மரவேலையில் கடைசி வேலை மேலே பூசுவது. அதனால் அந்த வேலைக்கும், பூசிய பொருளுக்கும், அதன் பளபளப்புக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இதைச் சிலர் 'முடிப்பு' என்று தமிழாக்குகிறார்கள். எனக்குப் பணமுடிப்புதான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு இதைத் தெளியவைத்தவர் கிதாரைத் தொட்டே பார்த்திராத பெரியப்பா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஏற்காட்டில் ஒரு டிசம்பர் இரவு வாசித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்து பார்த்தால், கிதாரின் முதுகெல்லாம் என் பெல்ட் பக்கிள் போட்ட கோடு. பெரியப்பா கட்டைவிரல் நகத்தைக் கோடுகளுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்தார். "நகம் மாட்டலை கண்ணு. மெருகுதான் போயிருக்கு, பூச்சு அப்படியே இருக்குது."

ஒரு ஆங்கிலச் சொல் குழப்பியதை இரண்டு தமிழ்ச் சொற்கள் பிரித்துக் காட்டிவிட்டன. பூசுவது பூச்சு, அதில் விளக்கம் தேவையில்லை. மெருகு என்பது ஒளி. தெலுங்கிலும் 'மெருகு' உண்டு, மின்னலுக்கு அங்கே 'மெருப்பு'. கன்னடத்திலும் 'மெருகு'தான். மூன்று மொழியும் புழங்கும் சேலத்துக் கடைவீதியில் யாரிடமும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. மெருகு தேய்த்து வருவது. மங்கினால் மறுபடி தேய்த்து ஏற்றலாம். பூச்சு பெயர்ந்தால் எவ்வளவு தேய்த்தாலும் வராது, நிரப்பத்தான் வேண்டும்.

என்ன கொண்டு நிரப்புவது என்பது பூச்சைப் பொறுத்தது. பழைய முறையில் செய்த கிதார்களில் என்.சி. லாக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, இருக்கும். புதிதாக அடிக்கும் லாக்கர் பழையதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றிவிடும். (லாக்கர் என்ற சொல்லும் நம் பக்கத்து 'லாக்ஷா' பாரசீகம், அரபு என்று சுற்றிப் போனதுதான், தமிழில் அரக்கு. ஆனால் என்.சி. லாக்கரில் அரக்கு இல்லை, நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய செல்லுலோஸ்தான்.) இன்றைய மலிவு விலைக் கிதார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேனோ பாலியஸ்டரோ இருக்கும். அது காய்ந்தபின் எதிலும் எளிதில் கரையாது. அதனால் பெயர்ந்த இடத்தில் சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்துச் சமன்செய்வார்கள்.

அப்புறம், குளிரில் இருந்த கிதாரைச் சட்டென்று வெப்பத்துக்குக் கொண்டுவந்தாலும், வெப்பத்திலிருந்து குளிருக்குக் கொண்டுபோனாலும், லாக்கரில் மயிரிழை விரிசல் விழலாம். மரமும் பூச்சும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. மலை ஏறி இறங்கினால் பெட்டியைக் கொஞ்ச நேரம் மூடியே வைப்பது நல்லது. பூச்சில் விழுந்த விரிசல் தேய்த்தால் போகாது.

என் கிதாரின் கோடுகள் கார் பட்டறையில் வாங்கிய ரப்பிங் காம்பவுண்டும் பழைய பனியன் துணியும் கொண்டு தேய்த்ததில் போய்விட்டன. அடிப்பக்க ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் நகம் மாட்டியது. அங்கே சூப்பர் குளூ விட்டு, பிளேடின் இரு முனையிலும் டேப் ஒட்டி நடுவில் மட்டும் சுரண்டி, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு முடித்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பெரியப்பா சாய்க்காமலே கண்டுபிடித்துவிட்டார்.