பெரட்டு நேரமும் வேலை நேரம்தான்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று தொழிற்சாலைதான் சோறு போடுகிறது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தயங்கிக்கொண்டே கேட்பார்கள்: "சார், எங்களுக்கு மணிக்கூலிதானே, ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) கேட்கலாமா?"

தாராளமாகக் கேட்கலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் மாதச் சம்பளமா மணிக்கூலியா என்று பார்ப்பதில்லை. சம்பளம் மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாதவருக்கு, வழக்கமான நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது ஒன்றரை மடங்கு கூலி உண்டு. ஓய்வு நாள், பொது விடுமுறை என்றால் இன்னும் கூடும்.

பணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கரைகிறது. ஷிப்ட் ஏழு மணிக்கு. ஆனால் ஆறரைக்கே வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் பேசுவார், பிறகு மெஷின் துடைக்க வேண்டும். பஞ்ச் கார்டு அடிப்பது ஏழுக்குத்தான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நின்றார்களே, அதே கதை. சட்டமோ, நீங்கள் முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, உங்கள் விருப்பப்படி போக வர முடியாமல் இருக்கும் நேரம் முழுவதையும் வேலை நேரம் என்கிறது. குறைந்தபட்ச மணிக்கூலி 8.72 வெள்ளி, ஒன்றரை மடங்கு 13.08. தினம் அரை மணி, மாதம் 26 நாள் என்றால் 170 வெள்ளி. சின்னத் தொகையா இது?

இன்னொன்று. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். நாளுக்கு எட்டு மணி, ஆறு நாள் என்ற பழைய அட்டவணையிலேயே ஓட்டுகிற இடங்களில், வாரம் மூன்று மணி நேரம் ஓ.டி. கணக்கில் வர வேண்டும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை (வக்கீலான நானே சொல்கிறேன்). அதிகாரி முதலாளியை விசாரணைக்கு அழைப்பார். வேலை நேரப் பதிவேடுகளை முதலாளி ஆறு ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும். இருந்தாலும் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். "நாளைக்குச் சீக்கிரம் வா" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். நோட்டைவிட அது பல சமயம் நன்றாகப் பேசும். பொதுவாக ஆறு ஆண்டுப் பாக்கி வரைதான் கேட்க முடியும். அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய பாக்கியில் ஒரு மாதம் கழிந்துவிடும்.

கேட்டதற்காக வேலையை விட்டே நிறுத்திவிட்டால்? அது வேறு வழக்கு, வேறு அலுவலகம். தொழில் உறவு இலாகாவுக்கு 60 நாளுக்குள் போக வேண்டும். ஓ.டி. வழக்கு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்தக் கெடு போய்விடும்.