சொல் விளக்கம்: இமிக்ரேஷன் டிப்போ

விறகு டிப்போ, பஸ் டிப்போ, பால் டிப்போ என்று 'டிப்போ' நமக்குப் பழகிய சொல். ஆஸ்திரேலியா, மொரீஷியஸ், நேட்டால் (இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி) ஆகிய குடியேற்ற நாடுகளின் வரலாற்றைப் படிக்கும்போது அதே சொல் 'இமிக்ரேஷன் டிப்போ' என்று வருகிறது. தமிழில் எழுதும்போது சிலர் இதைக் கிடங்கு என்கிறார்கள், சிலர் முகாம் என்கிறார்கள். இரண்டுமே எனக்குப் போதவில்லை.

முதலில் பொருள். பல மாதக் கடல் பயணம் முடிந்து கப்பலை விட்டு இறங்கியவர்களுக்கு அந்த ஊரில் சொந்தபந்தம் கிடையாது, கையில் காசும் இருக்காது. அவர்களைச் சில நாள் ஒரு கூரையின் கீழ் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, பெயர் பதிந்து, வேலைக்கு ஆள் தேடி வரும் முதலாளிகளிடம் சேர்த்துவிடும் இடம்தான் இமிக்ரேஷன் டிப்போ. தங்குவதும் வேலைக்கு அமர்வதும் ஒரே வளாகத்தில் நடக்கும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அது டிப்போ ஆகாது.

சொல்லின் வேர் லத்தீன். 'கீழே வை' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது, வங்கியில் போடும் டெபாசிட்டுக்கு உடன்பிறப்பு. பிரெஞ்சில் 'தெப்போ' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. படைத்தளவாடம், தானியம், படைக்குப் புதிதாகச் சேர்த்த ஆட்கள் ஆகியவற்றை வைக்கும் இடத்துக்குப் பெயராக இருந்ததைக் குடியேற்ற நிர்வாகம் எடுத்துக்கொண்டது. பொருளை வைக்கும் இடத்தின் பெயர் மனிதர்கள் தங்கும் இடத்துக்கு வந்தது அந்த நிர்வாகம் அவர்களை எப்படிப் பார்த்தது என்பதைக் காட்டுகிறது. கிடங்கு என்று மொழிபெயர்த்தால் அந்தப் பார்வையைத் தமிழிலும் நிலைக்க வைத்துவிடுவோம்.

சிட்னியை எடுத்துக்கொள்வோம். காடிகல் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் பிரிட்டிஷார் அமைத்த குடியேற்றம் அது. அங்கே ஹைட் பார்க் பாரக்ஸ் என்ற மூன்றடுக்குச் செங்கல் கட்டடம் இருக்கிறது. ஆளுநர் மெக்குவாரி காலத்தில், தண்டனைக் கைதியாக வந்த கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே வடிவமைத்து, 1819-இல் திறக்கப்பட்டது. முதலில் ஆண் கைதிகளின் தங்குமிடம். 1848-இல் கைதிகளை அப்புறப்படுத்திவிட்டு, தனியாகக் கப்பலேறி வந்த பெண்களுக்கான டிப்போ ஆக்கினார்கள். முதலில் வந்து தங்கியவர்கள் அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தில் பெற்றோரை இழந்து அல்லது பிரிந்து ஏழையர் விடுதிகளில் கிடந்த பதின்ம வயதுப் பெண்கள். 1848 முதல் 1850 வரை அப்படி 4,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பாதிக்குமேல் இறங்கியது சிட்னியில்.

மேலே இரும்புக் கட்டில்கள் வரிசையாகப் போட்ட படுக்கைக் கூடங்கள், கீழ்த்தளத்தில் ஆளெடுக்கும் அறை. வீட்டு வேலைக்கும் பால்பண்ணை வேலைக்கும் ஆள் வேண்டியவர்கள் அந்த அறைக்கு வருவார்கள். சம்பளம் பேசி, ஒப்பந்தம் எழுதி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் அவர்களோடு கிளம்பிவிடுவாள். 1886 வரை டிப்போ இயங்கியது. பிற்காலத்தில் தரைப்பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தபோது ஊசி, நூல், துணிக்கிழிசல், புகைக்குழாய்த் துண்டு, மதப் பிரசுரத் தாள் என்று ஆயிரக்கணக்கான சிறு பொருள்கள் கிடைத்தன. சந்துகளில் நழுவி விழுந்தவை போக, எலிகள் கூடு கட்ட இழுத்துச் சென்றவையும் உண்டு. படுக்கை விளிம்பில் உட்கார்ந்து, வேலைக்குப் போகும் நாளுக்காகத் தன் உடையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் ஊசி இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

இதற்கு முன்பே சிட்னியில் இந்த வேலையைத் தனியாளாகத் தொடங்கியவர் கரோலைன் சிஷோம். அவருக்கும் நம் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கணவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1830-களில் சென்னையில் இருந்தபோது, ஐரோப்பியப் படைவீரர்களின் பெண்பிள்ளைகளுக்குக் கரோலைன் ஒரு தொழிற்பள்ளி நடத்தினார். 1838-இல் சிட்னி போனார். ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்துவந்த காலம் அது. கொண்டுவந்து இறக்கிய பிறகு அந்தப் பெண்களைக் கேட்பார் இல்லை. பூங்காவிலும் தெருவிலும் படுத்துக் கிடந்தார்கள். ஆளுநர் கிப்ஸிடம் திரும்பத் திரும்பப் போய் வாதாடி, 1841-இல் ஒரு பழைய அரசுக் கட்டடத்தில் இடம் பெற்று, குடியேறிய பெண்களுக்கான இல்லத்தைத் திறந்தார் சிஷோம். எலிகள் ஓடிய அந்தக் கட்டடத்தில் தானே தங்கினார்.

நான் அவரைப் பெரிதாக மதிப்பது தங்க இடம் கொடுத்ததற்காக மட்டும் இல்லை. வேலைக்கு அமர்த்தும்போது சம்பளம், சாப்பாடு, காலம் எல்லாவற்றையும் எழுதி மூன்று படி எடுக்கச் சொன்னார். ஒன்று முதலாளிக்கு, ஒன்று வேலைக்காரருக்கு, ஒன்று இல்லத்துக்கு. வாய்ப்பேச்சாக இருந்தவரை கூலியைப் பிடித்துவைத்தாலும் கேட்க வழியில்லை. தாள் கைக்கு வந்ததும் ஏமாற்றுவது கடினமானது. நகரத்தில் வேலை போதாதபோது பெண்களையும் குடும்பங்களையும் வண்டிகளில் ஏற்றி, தான் குதிரையில் முன்னால் போய், உள்நாட்டுப் பண்ணைகளில் சேர்த்துவிட்டு வந்தார். 1846-இல் அவர் கிளம்புவதற்குள் சுமார் 11,000 பேருக்கு இப்படி வாழ வழி செய்தார் என்பது கணக்கு.

ஒப்பந்தக் கூலிகளின் டிப்போ வேறு வகை. மொரீஷியஸின் போர்ட் லூயியில் 1849-இல் கட்டப்பட்ட டிப்போவின் எச்சம் இன்று 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் உலகப் பாரம்பரியச் சின்னம். துறையிலிருந்து 16 படிகள் ஏறி உள்ளே போக வேண்டும். 1834 முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அந்தத் தீவுக்குப் போன ஏறத்தாழ 5 லட்சம் பேரில் தமிழர்களும் கணிசம். நேட்டாலுக்கு 342 பேரோடு முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. அவர்கள் கப்பலேறும் முன்பே ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள். டர்பனில் இறங்கிய பிறகு எந்தத் தோட்டத்துக்கு யார் என்று பிரித்துக் கொடுத்தார்கள். சிட்னிப் பெண் சம்பளம் பேச முடிந்தது, வேண்டாம் என்று சொல்லவும் ஓரளவு இடம் இருந்தது. நேட்டால் தொழிலாளிக்கு அது இல்லை. எனவே ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும்போது, முன்னதற்கு 'ஆளமர்த்தல்', பின்னதற்கு 'ஆள்பங்கீடு' என்று வேறுபடுத்தி எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனித் தமிழ்ச் சொல். பஸ் டிப்போவுக்கு வழங்கும் 'பணிமனை' வண்டி பழுதுபார்ப்பதோடு ஒட்டிவிட்டது. 'முகாம்' என்றதும் இன்றைய தமிழ்நாட்டில் மண்டபம் அகதிகள் முகாம் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை ஒருகாலத்தில் நிறுத்திவைத்துச் சோதித்த 'மண்டபம் கேம்ப்' அதே இடம்தான் என்றாலும், முகாம் என்ற சொல்லில் வேலைக்கு அமர்த்துதல் இல்லை. 'சத்திரம்', 'விடுதி' இரண்டிலும் தங்கல் மட்டும் உண்டு.

நான் பரிந்துரைப்பது 'சாவடி'. தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் உள்ள பொதுச்சொல் இது. வழிப்போக்கர் தங்கியதும் கிராமச் சாவடியில்தான், ஊர்ப் பஞ்சாயத்தும் வரிக்கணக்கும் நடந்ததும் அங்கேதான். கம்பெனிக்காரர்கள் இதைத்தான் 'சவுல்ட்ரி' ஆக்கினார்கள். சென்னையில் அவர்கள் நடத்திய தொடக்ககால நீதிமன்றத்துக்கே சவுல்ட்ரி கோர்ட் என்று பெயர். சுங்கச்சாவடி, வாக்குச்சாவடி, சோதனைச்சாவடி என்று இன்றும் அரசு வேலை நடக்கும் இடத்தைக் குறிக்க உயிரோடு இருக்கிறது. தங்கலும் அலுவலும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

முன்னொட்டுக்கு இலங்கைத் தமிழ் கைகொடுக்கிறது. அங்கே அரசுத் துறையின் பெயரே குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம். 'குடியேற்றம்' என்று போட்டால் காலனி என்ற பொருளோடு குழம்பும். ஆகவே வந்து இறங்கும் இடம் 'குடிவரவுச் சாவடி': சிட்னி, போர்ட் லூயி, டர்பன். கப்பலேறும் முன் தங்கும் இடம் 'குடியகல்வுச் சாவடி': சென்னை, மலாயாவுக்கு ஆள் அனுப்பிய நாகப்பட்டினம், ஆவடி. ஆளெடுக்கும் அறைக்கு 'அமர்த்தறை' போதும். தோட்டத்துக்குப் போனவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யும்போது மட்டும் அவர்கள் சொன்ன 'டிப்போ'வை அப்படியே விட்டுவிடலாம்.