வாதி: ஆறா, பள்ளத்தாக்கா?

சவூதி அரேபியாவில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அந்நாட்டு நிலப்படத்தில் ஆற்றுக்கோடுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் பெயர்களுக்கு முன்னால் ‘வாதி’ என்ற சொல் நிற்கும்: வாதி ஹனீஃபா, வாதி பீஷா, வாதி தவாசிர், வாதி அர்-ரும்மா. தமிழ்ப் பாடநூல்களிலும் இதழ்களிலும் இது பெரும்பாலும் ‘வாடி’ என்று வருகிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்ததால் வந்த வினை அது. அரபு ‘தால்’ எழுத்து நம் ‘பந்து’ என்ற சொல்லில் வரும் தகரம்போல ஒலிக்கும், டகரம் அல்ல. மரவாடி, வாடிவாசல், இலங்கைக் கடற்கரையின் மீன்வாடி எல்லாம் அடைப்பு, கிடங்கு, கொட்டில் என்ற பொருளில் வழங்கும் வேறு சொல். ‘வாதி’ என்று எழுதினால் வழக்குத் தொடுத்தவரோடு குழம்பாதா என்று கேட்கலாம். ‘வாதியில் வெள்ளம் வந்தது’ என்று படிப்பவருக்கு நீதிமன்றம் நினைவுக்கு வர வழியில்லை.

சொல்லின் வேர் வ-த-ய என்ற மூன்று மெய்கள். ‘வதா’ என்றால் ‘வழிந்தது, ஓடியது’ என்று பழைய அரபு அகராதிகள் பொருள் சொல்லும். அதன் வழியே வாதி என்பது நீர் ஓடும் இடம். மேடுகளுக்கு நடுவே நீர் வழிந்து செல்லும் தாழ்நிலம். இந்த நிமிடம் அங்கே நீர் இருக்கிறதா என்பது சொல்லின் பொருளுக்குள் இல்லை. பன்மை அவ்தியா, வித்யான். சவூதியின் வடக்கிலும் ஈராக்கின் மேற்கிலும் பரந்து கிடக்கும் ‘அல்-வித்யான்’ பகுதிக்குப் பெயர் வந்தது அங்கே வாதிகள் நெருக்கமாக வெட்டிக் கிடப்பதால்தான்.

நிலமும் நீர்த்தடமும் ஒரே சொல்லில் அடங்குவதால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம். குர்ஆனின் 13:17 வசனத்தில் மழை பெய்ததும் வாதிகள் தத்தம் அளவுக்கேற்ப ஓடுகின்றன; பரவலான தமிழாக்கத்தில் அது ‘ஓடைகள்’. 14:37 வசனத்தில் இப்ராஹீம் நபி தம் சந்ததியைக் குடியமர்த்தியதாகச் சொல்வது பயிர் விளையாத வாதியில், அதாவது மக்காவில். அங்கே அது ‘பள்ளத்தாக்கு’. இரண்டும் சரியே. மக்கா நகரம் இன்றும் வாதி இப்ராஹீம் என்ற வடிகாலின் நடுவில்தான் இருக்கிறது. கஃபாவைச் சுற்றிப் பலமுறை வெள்ளம் புகுந்ததற்குக் காரணமும் அதுவே.

அரபு மொழி போன இடமெல்லாம் சொல்லும் போயிற்று. நிலத்துக்கேற்பப் பொருளும் மாறிற்று. ஸ்பெயினின் குவாதல்கிவிர் ஆறு ‘அல்-வாதி அல்-கபீர்’, பெரிய வாதி. குவாதலஹாரா என்ற ஊர்ப்பெயர் ‘வாதி அல்-ஹிஜாரா’, கற்களின் வாதி. அங்கே வாதி என்றால் தண்ணீர் நிறைந்த ஆறேதான். அல்ஜீரியா, மொராக்கோ பக்கம் பேச்சில் ‘வாத்’ ஆகி, பிரெஞ்சு எழுத்து வழியாக ‘உவெத்’ என்று நிலப்படம் ஏறியது. பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்தபோது பொருள் இன்னும் தலைகீழ்: ‘வாதி-ஏ-கஷ்மீர்’ என்றால் பசுமை செழித்த காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. இந்திப் பாட்டில் கேட்ட ‘வாதி’யை மனத்தில் வைத்துக்கொண்டு ரியாதுக்குப் போகிறவருக்குக் கூழாங்கல்தான் மிஞ்சும்.

நிலவியலில் சொல் குறிப்பது இன்னும் குறுகிய ஒன்றை. பாலைநிலத்தில், மழை பெய்தபின் சில மணி நேரமோ சில நாளோ மட்டும் நீரோடும் தடம். இதைப் ‘பருவ ஆறு’ என்று எழுதுவது தவறு. பருவ ஆற்றில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப்படுகை வரை ஏறும்; மழை நின்ற பிறகும் ஊறி ஊறி ஓடும். ராஜஸ்தானின் லூனி ஆறு பருவமழையை நம்பியாவது இருக்கிறது. வழக்கமான வாதியிலோ நீர்மட்டம் எப்போதும் படுகைக்கு வெகு கீழே. எந்த ஆண்டு, எந்த மாதம் ஓடும் என்ற கணக்கும் இல்லை.

ஓடும் விதமும் வேறு. மேட்டில் மண் குறைவு, பாறை அதிகம், செடிகொடி இல்லை. மழைத்துளி அடித்து மண்ணின் மேற்பரப்பு சிமெண்டுத் தரைபோல இறுகிவிடும்; விழுந்த நீர் இறங்காமல் அப்படியே வழியும். மழையோ சின்ன வட்டத்தில் கொட்டித் தீர்ப்பது. முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்தது, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே கல்லும் முள்மரமுமாகச் சுவர்போல வந்து இறங்கும். வாதியின் நடுவே கூடாரம் அடிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். ஓமானில் சாலை வாதியைக் கடக்கும் இடங்களில் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள்; சிவப்புக்கு நீர் ஏறிவிட்டால் நிற்க வேண்டும். சுமார் 30 சென்டிமீட்டர் ஆழ ஓட்டமே சிறிய காரை நகர்த்தப் போதும். 60 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். வெள்ளம் வரும்போது வேண்டுமென்றே வாதிக்குள் வண்டியை இறக்குவது அங்கே தண்டனைக்குரிய குற்றம். வளைகுடாவில் வண்டி ஓட்டும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது.

ஓட்டம் கீழே போகப் போகக் குறைவதுதான் இதன் தனி இயல்பு. காவிரி, கங்கையில் கிளையாறுகள் சேரச் சேர நீர் பெருகும். வாதியில் படுகையின் சரளையும் மணலும் வழியிலேயே குடித்துவிடும். பல வெள்ளங்கள் கடலைக் காண்பதில்லை. குடித்த நீர்தான் கரையோரக் கிணறுகளுக்கும் பேரீச்சந் தோட்டங்களுக்கும் ஆதாரம். ஓமானில் இதற்கென்றே செறிவூட்டு அணைகள் கட்டுகிறார்கள். வெள்ளத்தைச் சில நாள் நிறுத்தி, வண்டலைப் படியவைத்து, தெளிந்த நீரை மெதுவாகக் கீழே விட்டுச் சரளைக்குள் இறக்குவது நோக்கம். படிந்த வண்டலை அவ்வப்போது சுரண்டி எடுக்காவிட்டால் தரை அடைத்துக்கொள்ளும். பிறகு தேங்கியது ஊறாமல் வெயிலில் ஆவியாகிப் போகும்.

அரேபியத் தீபகற்பத்தின் வடிகால் அமைப்பே ஒருபக்கம் சாய்ந்தது. ஹிஜாஸ், அசீர் மலைத்தொடர் செங்கடலை ஒட்டி நிற்பதால் மேற்கே இறங்கும் வாதிகள் குட்டையானவை, செங்குத்தானவை, ஆபத்தானவை. 2009 நவம்பரில் ஜித்தாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளத்தில், வாதித் தடங்களின்மேல் எழும்பிய குடியிருப்புகளே அதிகம் அடிபட்டன. கிழக்கே போகும் வாதிகள் நீண்டவை. ஈரம் மிகுந்த பழங்காலத்தில் வளைகுடாவரை ஓடிய ஆறுகளின் எச்சம் அவை. மதீனாப் பக்கம் தொடங்கும் வாதி அர்-ரும்மா, கசீம் வழியாக ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வந்து மணற்குன்றுகளில் அடைபடுகிறது. குன்றுகளுக்கு அப்பால் அதே தடம் ‘வாதி அல்-பாதின்’ என்ற பெயரில் தலைகாட்டி, ஈராக்கோடு குவைத்துக்குள்ள மேற்கு எல்லையாகிறது. விதிவிலக்கும் உண்டு. ரியாதின் வாதி ஹனீஃபா இன்று ஆண்டு முழுவதும் ஓடுகிறது. ஓடுவது நகரம் சுத்திகரித்து விடும் கழிவுநீர். அதன் சீரமைப்புக்கு 2010இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இனி தமிழ்ச்சொல். ‘பள்ளத்தாக்கு’ நிலத்தை மட்டும் சொல்லும், நீரை விட்டுவிடும். ‘ஓடை’ சிறியது, 600 கிலோமீட்டர்த் தடத்தை ஓடை என்றால் சிரிப்பார்கள். ‘காட்டாறு’ பலருக்கும் முதலில் தோன்றும் சொல். சங்கப் பாடல்களின் ‘கான்யாறு’ முதல் இன்றைய ‘காட்டாற்று வெள்ளம்’ வரை அதற்கு நெடிய வழக்கு உண்டு. திடீர்ப் பாய்ச்சலை அது சரியாகப் பிடிக்கிறது. ஆனால் அதில் காடு இருக்கிறது, இங்கே இல்லை. நம் ஊர்ப்பக்கமே இன்னொரு சொல் இருக்கிறது: வறட்டாறு. தர்மபுரி மாவட்டத்தில் அரூர் அருகே வள்ளிமதுரையில் அணை கட்டப்பட்டிருப்பது ‘வரட்டாறு’ என்ற ஆற்றின் குறுக்கேதான். ஊர்வழக்கில் றகரம் ரகரமாயிற்று. ஆறு என்றும் சொல்லி, வறண்டது என்றும் சொல்லிவிடுவதால் பொதுப்பெயராக இதுவே பொருந்தும் என்பது நம் முடிவு. பாய்ச்சலைப் பேசும் இடத்தில் ‘வறட்டாற்றில் காட்டாற்று வெள்ளம்’ என்று சேர்த்து எழுதத் தடையில்லை.

கூடவே வரும் சொற்கள் எளியவை. ‘சைல்’ வெள்ளம், ‘ஷஇப்’ வாதியில் சேரும் சிற்றோடை, ‘ஸப்கா’ நீர் தேங்கி வற்றி உப்புப் பூத்த உவர்நிலம், ‘ரவ்தா’ வண்டல் படிந்து மழைக்குப்பின் பச்சை கட்டும் பள்ளம். ஓமானின் பழைய பாசன அமைப்பான ‘ஃபலஜ்’ என்பதை மட்டும் கால்வாய் என்று சுருக்கக் கூடாது. அதில் தாய்க்கிணற்றிலிருந்து சுரங்கம் வழியே வரும் ‘தாவூதி’ வகையும் உண்டு, வாதிப் படுகையின் ஊற்றோட்டத்தைத் திருப்பும் ‘கைலி’ வகையும் உண்டு. இடப்பெயர்களில் வாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் ‘ஆறு’, ‘பள்ளத்தாக்கு’ என்று ஒட்டுப் போடாமல் விடவேண்டும்: ‘வாதி ஹனீஃபா’ போதும், ‘வாதி ஹனீஃபா ஆறு’ வேண்டாம்.