கம்பியைச் சுருக்கினால் வேகம் கூடும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பெரியம்மா வீட்டுக்கு இணைய வேகத்தைக் கூட்ட வேண்டி வந்தது. கனடாவில் இருக்கும் பேரனின் முகம் வீடியோ அழைப்பில் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்ததுதான் காரணம். நொடிக்கு 4 மெகாபிற் தரும் பொதியை விட்டு 16 மெகாபிற் பொதிக்கு மாறினோம். மாதக் கட்டணம் ஒழுங்காகக் கூடியது. வேகம் மட்டும் 4.6 வரை வந்து அங்கேயே நின்றுகொண்டது.

பெரியம்மாவுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. "தம்பி, ஐயா இருக்கேக்க போன் கதைச்ச அதே வயர்தானே இது? அதுக்குள்ளால இன்ரநெற் எப்பிடி வருது? பிறகு கூட்டு எண்டால் எப்பிடிக் கூடும்?"

நல்ல கேள்வி. வீட்டுக்கு வருவது அரை மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள இரண்டு செப்புக் கம்பிகள், அவ்வளவுதான். ஆனால் தொலைபேசிக்காரர்கள் அந்தக் கம்பியில் வெகு கொஞ்சத்தைத்தான் பயன்படுத்தினார்கள். மனிதக் குரல் விளங்குவதற்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான, அதாவது நொடிக்கு அத்தனை தடவை அதிரும், அதிர்வெண்கள் போதும். மிச்சத்தை வெட்டிவிட்டு, குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிற்றாக, அதாவது எட்டு 0, 1 குறிகளாக, எழுதிக்கொள்கிறது தொலைபேசி நிலையம். பெருக்கினால் நொடிக்கு 64,000 பிற். 'கீ... கர்ர்ர்' என்று கத்திக்கொண்டு இணையும் பழைய டயல்-அப் மோடம் 56 கிலோபிற்றைத் தாண்டாததற்கு இதுதான் காரணம். தடை கம்பியில் இல்லை, நிலையத்து இயந்திரத்தில்.

அந்த இயந்திரத்துக்குப் போகுமுன்பே கம்பியைப் பிரித்து, மேலே உள்ள அதிர்வெண்களைத் தனியாக ஒரு கருவியிடம் கொடுத்துவிட்டால்? தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் ஏ.டி.எஸ்.எல். என்ற முறை செய்வது அதைத்தான். கீழே 4,000 ஹெர்ட்ஸ் வரை குரலுக்கு. அதற்குமேல் ஓர் இடைவெளி விட்டு, 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை இணையத்துக்கு. அதன் பிந்திய பதிப்பான ஏ.டி.எஸ்.எல்.2+ அந்த எல்லையை 22 லட்சத்துக்குக் கொண்டுபோனது. தொலைபேசிக்கும் மோடத்துக்கும் முன்னால் மாட்டும் சின்னப் பெட்டி, அதாவது ஸ்பிளிட்டர், இந்த இரண்டையும் பிரித்துக் கொடுக்கும் வடிகட்டி. அது இல்லாமல் போனை மாட்டினால் காதில் இரைச்சல் கேட்கும், இணையமும் அடிக்கடி விழும்.

இந்தப் பெரிய பரப்பை மோடம் ஒரே வயலாக உழுவதில்லை. கொக்குவில், இணுவில் பக்கத்துச் செம்மண் தோட்டங்களைப் போலப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பாத்தியின் அகலமும் 4.3125 கிலோஹெர்ட்ஸ். ஏ.டி.எஸ்.எல்.லில் 256 பாத்திகள், ஏ.டி.எஸ்.எல்.2+இல் 512. மோடத்தைப் போட்டதும் விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கி மினுக்கி எரிகிறதே, அப்போது அது நிலையத்துக் கருவியோடு சேர்ந்து ஒவ்வொரு பாத்தியின் மண்ணையும் சோதிக்கிறது. நல்ல மண்ணில் வெங்காயத்தை நெருக்கி நடுவார்கள், கல்லுத் தரையில் ஐதாக நடுவார்கள். அதேபோல இரைச்சல் குறைந்த பாத்தியில் ஒரு தடவைக்கு 15 பிற் வரை ஏற்றலாம், மோசமானதில் இரண்டு மூன்று, சிலதைச் சும்மா விட்டுவிடும். இப்படி நொடிக்கு ஏறத்தாழ 4,000 தடவை நடுகை நடக்கிறது.

திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு துணுக்கு. அது ஒலிபரப்பாகும் 936 கிலோஹெர்ட்ஸ் கணக்குப்படி 217ஆவது பாத்தியின் நட்டநடுவில் விழுகிறது. தொலைபேசிக் கம்பியும் ஒரு நீளமான ஏரியல்தான். அந்த அலையை அது பிடித்துக்கொண்டால் மோடம் அந்தப் பாத்தியில் பிற்றுகளைக் குறைத்துவிட்டு மற்றவற்றோடு சமாளிக்கும்.

சரி, பெரியம்மா வீட்டுக்கு ஏன் 16 வரவில்லை? தூரம். நிலையத்திலிருந்து அவரது வீட்டுக்குக் கம்பி போகிற வழியில் அளந்தால் மூன்றரைக் கிலோமீற்றர். காகம் பறக்கும் தூரத்தைவிட இது எப்போதும் கூடத்தான் வரும், ஏனென்றால் கம்பி ஒவ்வொரு ஒழுங்கையாக வளைந்து வளைந்து வருகிறது.

தூரத்துக் கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியை இரவில் கேட்டிருப்பீர்கள். தவில் அடி மட்டும் 'தும் தும்' என்று வந்து சேரும், தாளத்தின் கிணுகிணுப்பு வழியிலேயே கரைந்துவிடும். செப்பிலும் உயர்ந்த அதிர்வெண்தான் முதலில் சாகிறது, காரணம் மட்டும் வேறு. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் நடுவை விட்டுவிட்டுத் தோலோரமாகவே ஓடப் பார்க்கும். முழுக் கம்பி இருந்தும் ஓட இடம் குறைகிறது, தடை கூடுகிறது. ஆகவே மூன்றரைக் கிலோமீற்றர் தாண்டி வரும்போது 512 பாத்திகளில் மேற்பாதி தரிசாகிவிடும். நிலையத்துக்கு அருகில் 24 மெகாபிற் வரை தரக்கூடிய அதே ஏ.டி.எஸ்.எல்.2+ இங்கே ஐந்து, ஆறைத் தருவதே பெரிய காரியம். பொதியில் எழுதியிருக்கும் 16 ஒரு கூரை. கூரையை உயர்த்தினால் ஆள் வளர்ந்துவிடுவாரா?

உண்மையில் வேகத்தைக் கூட்டுவது என்றால் செம்பைச் சுருக்குவதுதான். நிலையத்திலிருந்து சந்தி வரை கண்ணாடி இழையைப் போட்டு, அங்கே ஒரு தெருவோரப் பெட்டியை வைத்து, கடைசிச் சில நூறு மீற்றருக்கு மட்டும் பழைய செம்பைப் பயன்படுத்துகிறார்கள். இது வி.டி.எஸ்.எல்.2. கம்பி குறுகியதும் உயர் அதிர்வெண்கள் பிழைத்துக்கொள்கின்றன. பரவலாகப் பயன்படும் அதன் ஒரு வகை 4,096 பாத்திகளோடு 176 லட்சம் ஹெர்ட்ஸ் வரை போகிறது. பெட்டிக்குக் கிட்ட இருக்கும் வீட்டுக்கு 100 மெகாபிற் அளவுக்கு வரலாம். ஒரு கிலோமீற்றர் தாண்டினால் அது மளமளவென்று சரியும், ஒன்றரைக்கு மேல் போனால் பழைய ஏ.டி.எஸ்.எல்.2+ஓடு பெரிய வித்தியாசம் இராது. வேகம் கூட்ட விண்ணப்பம் கொடுக்குமுன் நான் கேட்கச் சொல்வது ஒன்றைத்தான்: "பெட்டி எங்கே இருக்கிறது?"

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே கேபிளுக்குள் பல வீட்டுக் கம்பிகள் ஒட்டிக்கொண்டு வருவதால் ஒன்றின் பேச்சு மற்றதில் கசியும். கம்பிகளைச் சோடி சோடியாக முறுக்கினால் கசிவு பெருமளவு அடிபட்டுப்போகும் என்று கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் வி.டி.எஸ்.எல். ஓடும் உயர் அதிர்வெண்களில் முறுக்கு மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக இணைந்ததும் உங்கள் வேகம் குறைந்தால் அவரோடு வேலிச் சண்டைக்குப் போகவேண்டாம், அது கம்பியின் குணம். எந்தச் சோடி எதற்குள் எவ்வளவு கசிகிறது என்று அளந்து, எதிர் அலையை முன்கூட்டியே கலந்து அனுப்பும் வெக்டரிங் என்ற உத்தி 2010இல் தரநிலையாக வந்தது.

எங்கள் ஒழுங்கைக்கு அந்தப் பெட்டி இன்னும் வரவில்லை. அதனால் வீட்டுக்குள் தேடினேன். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் நிலையத்தோடு இணைந்த வேகம், சமிக்ஞை எவ்வளவு நலிந்து வருகிறது, இரைச்சலுக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். அந்த இடைவெளி 6 டெசிபெல்லுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் இணைப்பு தள்ளாடுகிறது என்று அர்த்தம்.

எங்களுடையது தள்ளாடியது. காரணம் அம்மப்பாவின், அதாவது பெரியம்மா சொன்ன ஐயாவின், சுருட்டுக் கொட்டில். வளவின் கோடியில் இருந்த அதற்கு ஒரு காலத்தில் 50 மீற்றர் தட்டை வயர் இழுத்து இரண்டாவது போன் வைத்திருந்தார். கொட்டில் போய்விட்டது, போனும் போய்விட்டது, வயர் மட்டும் வேலியோடு கிடந்தது. முனை சும்மா விடப்பட்ட கிளையில் போகும் அலை, கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் மாதிரித் திரும்பி வரும். செப்பில் அலை நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. அப்படியென்றால் 10 லட்சம் ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 200 மீற்றர். போக 50, வர 50, ஆக 100. சரியாக அரை அலை. திரும்பி வருவதன் பள்ளம் புதிதாக வருவதன் மேட்டில் விழுந்து இரண்டும் அழிகின்றன. அந்த அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள பாத்திகளை அம்மப்பாவின் வயர் இத்தனை காலமாகத் தின்றுகொண்டிருந்தது. முறுக்கில்லாத வயர் என்பதால் அக்கம்பக்கத்து இரைச்சலையும் வாங்கி உள்ளே விட்டது.

குறட்டால் ஒரு வெட்டு. மோடம் மறுபடி இணைந்தபோது 6.2 காட்டியது. பேரனின் முகம் முழுசாகத் தெரிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்ததும் அது 3.8க்கு இறங்கியது. போனை எடுத்தால் கரகரவென்று பொரிகிற சத்தம். வந்த லைன்மன் கம்பத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே எறும்புப் புற்று, மூட்டில் பச்சைக் களிம்பு. களிம்பு பிடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் புகாத பசை நிரம்பிய புது மூட்டுப் போட்டார். வேகம் திரும்பிவிட்டது. பெரியம்மா தேத்தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே அவரிடம் சொன்னார்: "ஐயா போடுவிச்ச வயர். அதில பிழை வராதெண்டு எனக்குத் தெரியும்."

வெட்டிய 50 மீற்றர் வயரில் இப்போது உடுப்புக் காய்கிறது.