கேட்டுவிட்டுக் கொடுக்கும் கேபிள்

அலுவலக மேசையில் இருக்கும் ஐபி போனை, அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசும் போனைத் திருப்பிப் பாருங்கள். நெட்வொர்க் கேபிள் செருக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவருக்குப் போகிறது, இன்னொன்று பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு. அடாப்டர் செருகும் துளை பெரும்பாலும் தூசி படிந்து காலியாகக் கிடக்கும். அப்படியானால் திரை எப்படி எரிகிறது? பேச்சு வரும் அதே கேபிளில்தான் மின்சாரமும் வருகிறது. இதற்குப் பெயர் பவர் ஓவர் ஈதர்நெட்.

பழைய தரைவழி போனும் இப்படித்தான். தொலைபேசி நிலையத்து 48 வோல்ட் பேட்டரி, பேசும் கம்பியிலேயே அதற்குத் தீனி போட்டது. அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். நெட்வொர்க்கில் பேசும் போன்கள் வந்தபோது இந்த வசதி போய்விட்டது. மேசைக்கு ஒரு அடாப்டர் வேண்டும், கரண்ட் போனால் போனும் போச்சு. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம், 2000-இல் தன் ஸ்விட்சிலிருந்தே (எல்லா மேசைக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி) போனுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. 2003-இல் 802.3ஏஎஃப் என்ற பொதுத் தரம் வந்தது. இப்போது ஸ்விட்ச் இருக்கும் அறையில் ஒரு யூபிஎஸ் இருந்தால் போதும், எல்லா மேசையிலும் போன் உயிரோடு இருக்கும்.

கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு முறுக்கிய ஜோடிகள். தகவல் என்பது ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான வோல்டேஜ் வித்தியாசம் மட்டுமே. ஆகவே இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரே அளவு உயர்த்தினால் தகவலுக்கு எதுவும் ஆகாது. ஆற்றில் நீர்மட்டம் ஏறினாலும் ஒரே படகில் இருக்கும் இருவருக்கு இடையே உயர வித்தியாசம் மாறாதது போல. ஒரு ஜோடியை இப்படி உயர்த்தி, இன்னொரு ஜோடியைத் திரும்பும் பாதையாக்கிவிட்டால் மின்சுற்று முடிந்தது. கேபிள் செருகும் துளையான போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரின் சுருளில், சரியாக நடுப்புள்ளியில் மின்சாரம் ஏறுகிறது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பிரிந்து எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மின்சாரம் போனதே டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெரியாது.

சரி, போனுக்கு வரும் அதே கேபிளை யாராவது பழைய லேப்டாப்பில் செருகினால்? சில கருவிகளில் அந்த நடுப்புள்ளிகள் 75 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக இணைந்திருக்கும். 48 வோல்ட் பாய்ந்தால் அவை கருகிவிடும். அதனால் ஸ்விட்ச் முதலில் கேட்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

10 வோல்ட்டுக்கு உட்பட்ட சிறு வோல்டேஜை இரண்டு அளவுகளில் வைத்துப் பார்க்கும். 4, 8 என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் வேண்டும் கருவிக்குள் சுமார் 25,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. 4 வோல்ட் கூடும்போது கரண்ட் 0.16 மில்லிஆம்பியர் கூடினால் கணக்கு சரி. ஒரே அளவு போதாதா? போதாது. போனின் வாசலில் உள்ள டையோடுகள் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிவிடும். இரண்டு அளவுகளைக் கழித்தால் அந்தப் பிழையும் கழிந்துவிடும்.

அப்புறம் 15.5 முதல் 20.5 வோல்ட்டுக்குள் இரண்டாவது கேள்வி: உனக்கு எவ்வளவு வேண்டும்? போன் பேசுவதில்லை, குறிப்பிட்ட அளவு கரண்டை இழுத்துக் காட்டுகிறது. 10 மில்லிஆம்பியர் இழுத்தால் 4 வாட் ஒதுக்கினால் போதும், 18 என்றால் 7 வாட். அதன் பிறகுதான் முழு 48 வோல்ட். கேபிளைப் பிடுங்கினால் அரை நொடிக்குள் ஸ்விட்ச் நிறுத்திவிடும். இந்தக் கேள்வி எதுவும் இல்லாமல் மின்சாரத்தை அப்படியே தள்ளும் மலிவு இன்ஜெக்டர்களும் (கேபிளின் நடுவே வைத்து மின்சாரம் சேர்க்கும் சிறு பெட்டிகள்) கிடைக்கின்றன. அவற்றில் எதைச் செருகுகிறோம் என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

முதல் தரத்தில் ஸ்விட்ச் தருவது 15.4 வாட், போனுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95. மீதி கேபிளைச் சூடாக்குகிறது. 100 மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்வர மின்தடை 20 ஓம், கரண்ட் 0.35 ஆம்பியர். கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 2.45 வாட். இதையே போனிடம் 12 வோல்ட் மட்டும் சேரும்படி செய்தால், அதற்கு 13 வாட் சேர்க்க வழியில் 23 வாட் வீணாகும். வோல்டேஜை இன்னும் ஏற்றலாம்தான், ஆனால் 60 வோல்ட்டைத் தாண்டினால் தொடும் கைக்கு ஆபத்து. 2018-இன் தரம் நான்கு ஜோடிகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை போகிறது. மேசை போனுக்கு அவ்வளவு தேவையில்லை.

ஒருமுறை, நீண்ட நடைக்கூடத்தின் கடைசி மேசையில் இருந்த போன் ஸ்பீக்கரில் சத்தம் கூட்டினாலே அணைந்து மறுபடி எழுந்தது. போனை மாற்றினோம், ஸ்விட்சில் போர்ட்டை மாற்றினோம், பலனில்லை. கடைசியில் கேபிள் நுனியைச் சீவி, ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சத்தம் கூடும்போது போன் கூடுதல் கரண்ட் இழுக்க, வோல்டேஜ் வழியிலேயே விழுந்திருக்கிறது. முழுச் செம்புக் கேபிளை இழுத்துப் போட்டோம். அப்புறம் அந்த போன் அணையவில்லை.