விளக்கு எரிந்தும் பச்சோந்தியின் கால் ஏன் வளைகிறது?

கனடாவில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “மகன் ஆசைப்பட்டான் என்று ஏமன் பச்சோந்தி ஒன்று வாங்கினோம். ஜன்னல் ஓரத்தில் கூண்டு, நல்ல வெயில். சூட்டு விளக்கும் போட்டிருக்கிறோம். வயிறு நிறையத் தின்கிறது. ஆனாலும் முன்னங்கால்கள் வளைந்துகொண்டே வருகின்றன. நாக்கும் இரையை எட்டுவதில்லை. என்ன குறை?”

குறை பாதி சாப்பாட்டில், பாதி ஜன்னல் கண்ணாடியில்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடலாம். கடையில் விற்கும் சுவர்க்கோழிப் பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் அதை எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். மெலிந்துபோன எலும்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கிளையைப் பற்றினால் கால் வளையத்தான் செய்யும். தசை வேலை செய்யவும் கால்சியம் வேண்டும், அதனால்தான் நாக்கும் தடுமாறுகிறது. பூச்சியின் மேல் கால்சியம் பொடியைத் தூவிக் கொடுப்பது இதற்காகத்தான். ஆனால் குடல் அந்தக் கால்சியத்தை உள்ளே இழுக்க வைட்டமின் டி வேண்டும். எனக்கு அலுக்காத பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

காலையில் விளக்கைப் போட்டதும் பச்சோந்தியைக் கவனியுங்கள். மெல்ல மேல்கிளைக்கு ஏறும். உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, விளக்கைப் பார்த்த பக்கத்தை மட்டும் கறுப்பாக்கிக்கொள்ளும். குளிர் காய்வது போலத்தான் தெரியும். ஆனால் அந்தத் தோலுக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. தோலில் கொலஸ்ட்ராலின் உறவுக்கார மூலக்கூறு ஒன்று இருக்கிறது. புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகை அதன் மேல் பட்டால், அதன் வளையங்களில் ஒன்று திறந்துகொள்ளும். அப்போது கிடைப்பது வைட்டமின் டி3-இன் (வைட்டமின் டி-யின் ஒரு வகை) முன்வடிவம். அது தானாகவே உருமாறி டி3 ஆகும், அதற்குக் கதகதப்பு வேண்டும். வெளிச்சம் வளையத்தைத் திறக்கிறது, சூடு மிச்ச வேலையை முடிக்கிறது. எனவே புற ஊதா விளக்கின் வெளிச்சமும் சூட்டு விளக்கின் சூடும் ஒரே கிளையில் விழ வேண்டும். ஒன்று இந்த மூலையில், மற்றொன்று அந்த மூலையில் என்றால் இரண்டுக்கும் நடுவே பிராணி அல்லாடும்.

அளவு மீறினால்? தோலுக்குள் ஒரு தடுப்பும் இருக்கிறது. கதிர் தொடர்ந்து பட்டால், முன்வடிவம் டி3 ஆவதற்குப் பதில் வேலைக்கு உதவாத வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. பொடியாக ஊட்டும் டி3-க்கு இப்படி ஒரு தடுப்பு கிடையாது. மிஞ்சினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியம் படியும்.

இதற்கும் மேலே போகிறது பச்சோந்தி. மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்திகளை வைத்து, டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபெர்குசன், கார்ஸ்டன் முதலியோர் 2003-லும் 2009-லும் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை புற ஊதா வெளிச்சத்தில் அதிகமாகப் போய் நின்றன, போதுமான அளவு கிடைத்தவை ஒதுங்கிக்கொண்டன. தன் உடம்பில் என்ன குறை என்பதை வைத்தே எங்கே உட்காருவது என்று ஒரு பல்லியினம் தீர்மானிக்கிறது! பச்சோந்தி எந்த வெளிச்சத்தில் உட்காருகிறது என்று பார்க்கவா பணம் என்று நிதி ஒதுக்குகிறவர்கள் கேட்கலாம். இன்று ஊர்வன வளர்ப்பில் விளக்குப் பொருத்தும் முறை இப்படிப்பட்ட பொறுமையான கவனிப்பிலிருந்துதான் வந்தது. தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் வாழும் நம் ஊர்ப் பச்சோந்தியை வைத்தும் இப்படிப்பட்ட ஆய்வுகள் நடக்க வேண்டும், அதற்கு அரசு பணம் தர வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். ஆய்வுக்குத்தான், வளர்ப்பதற்கு அல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். கடித்தால் விஷம் என்று சொல்லிக் கல்லால் அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதற்கு விஷமே கிடையாது.

சரி, கனடா வீட்டுக்கு வருவோம். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் விடும், ‘பி’ கதிரை மட்டும் கிட்டத்தட்ட முழுதாக நிறுத்திவிடும். சாதாரணச் சூட்டு விளக்கிலும் அந்தக் கதிர் இல்லை. பாவம், அந்தப் பிராணி தினமும் வெயில் என்று நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

இப்போதே ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வளைந்த காலை நீங்களே நிமிர்த்த முயலாதீர்கள், முறிந்துவிடும். அப்புறம் ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புற ஊதாக் குழல்விளக்கு ஒன்றைக் கூண்டின் மேல் பொருத்துங்கள். மேல்கிளையில் புற ஊதாக் குறியீடு (UV Index, கதிரின் வலிமையைச் சொல்லும் எண்) 3 அளவில் இருந்தால் போதும், கீழே இலை நிழல் கட்டாயம் இருக்கட்டும். தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அது நகர்ந்து பார்த்துக்கொள்ளும், நகர இடம் கொடுப்பதுதான் நம் வேலை. குழல் பளிச்சென்று எரிந்தாலும் உள்ளே அந்தக் கதிர் மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே வரும், எனவே தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலைமேல் தெளியுங்கள், சொட்டை நக்கிக் குடிக்கும்.

கோடையில் வெளியே கதகதப்பாக இருக்கும் நாட்களில் வலைக் கூண்டில் வைத்து நேர் வெயிலுக்குக் கொண்டுபோகலாம், பாதிக் கூண்டாவது நிழலில் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடங்களிலேயே உள்ளே உயிருக்கு ஆபத்தான அளவு சூடேறிவிடும்.